எண்ணெயை நீங்க டென்மார்க் கொடுத்த விலை

மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வந்த வீட்டுக்காரர் ஒருவர் மின்விளக்குப் போட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கெண்ணெய்க்கு மாதந்தோறும் ஆகிற செலவு இனி மிச்சமாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும், அந்த மிச்சம் கைக்கு வருமுன் அவர் கம்பி இழுக்க வேண்டும். இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். விளக்குகள் வாங்க வேண்டும். கையில் பணம் இல்லையேல் கடன் வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி உண்டு. பழைய விளக்குகளோ பரணுக்குப் போய்விடும். அவற்றுக்குக் கொடுத்த காசு திரும்பாது. ஆக, செலவு முதலில் வருகிறது. சேமிப்புப் பின்னால் வருகிறது. இடையில் உள்ள காலத்தை எவ்வாறு கடப்பது என்பதே அவருடைய கவலை.

ஒரு நாடு எண்ணெயை நம்பி வாழும் வாழ்க்கையிலிருந்து விலகும்போதும் இதுவே நிகழ்கிறது. இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாரார். விலகுவதில் செலவே இல்லை, காற்றும் கதிரவனும் இலவசமாகக் கிடைப்பவையல்லவா என்பார் ஒரு சாரார். விலகினால் தொழில்கள் அழியும், ஏழைகள் வாடுவர், நாடு திவாலாகும் என்பார் மற்றொரு சாரார். இவ்விருவருள் யார் கூற்று மெய் என்பதை வாதத்தால் தீர்ப்பதைக் காட்டிலும், அவ்வாறு விலக முயன்ற ஒரு நாட்டின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பார்ப்பது நலம். அத்தகைய நாடுகளுள் நீண்ட காலக் கணக்கு உடையது டென்மார்க்.

1620ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியரின் நாடு அது. இன்று அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 60 இலட்சம். நாடு தட்டையானது; மின்சாரம் எடுக்கத் தக்க பெரிய அருவிகள் இல்லை; சொல்லத்தக்க நிலக்கரிச் சுரங்கங்களும் இல்லை. குளிரோ நீண்டது. வீட்டுக்கு வெப்பம் தேவைப்படும் மாதங்களே ஆண்டில் மிகுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது டேனியர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. நிலக்கரியை அள்ளிப் போடும் தொல்லை இல்லை, சாம்பல் இல்லை, நிலவறையில் ஒரு தொட்டியும் ஒரு கொதிகலமும் இருந்தால் போதும். மின் நிலையங்களும் எண்ணெய்க்கு மாறின. 1970களின் தொடக்கத்தில் அந்நாடு பயன்படுத்திய எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணெயே. மலிவாக இருந்தவரை எவரும் அதைக் குறை கூறவில்லை.

1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தின. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலருக்கு மேல் சென்றது. 1973 நவம்பர் 25 முதல் டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளை ஓட்டுவது தடை செய்யப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றனர். கடைகளின் விளம்பர விளக்குகள் அணைக்கப்பட்டன. அந்த ஞாயிறுகள் பிற்காலத்தில் இனிய நினைவாகவும் பேசப்பட்டன. ஆனால் திங்கட்கிழமைக் கணக்கு இனிமையானதாக இல்லை. அதே அளவு எண்ணெய்க்கு நாடு முன்னிலும் பன்மடங்கு அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக் கடன் ஏறிற்று, வேலையின்மை பெருகிற்று. 1979இல் ஈரானில் புரட்சி நிகழ்ந்தபின் விலை மறுபடியும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தபோது, இது ஓர் ஆண்டுத் துன்பமன்று என்பது தெளிவாயிற்று.

இங்கே நாம் ஓர் உண்மையைப் பிரித்தறிய வேண்டும். எண்ணெயிலிருந்து விலகுவதற்கு ஒரு செலவு உண்டு. விலகாமல் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. இரண்டாவது செலவு நமக்குக் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் அது நாள்தோறும் சிறிது சிறிதாகப் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் மாதவாடகையை மட்டுமே பார்ப்பது போன்றது அது. வாடகையை உயர்த்தும் உரிமை வீட்டுச் சொந்தக்காரரிடம் இருக்கிறது என்பது, அவர் உயர்த்தும் நாளில்தான் உறைக்கிறது. சொந்த வீடு கட்டுவதோ வேறு வகைச் செலவு. பணம் மொத்தமாக முன்னாலேயே வேண்டும், கடன் வேண்டும், கட்டி முடியும்வரை வாடகையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். டென்மார்க் இந்த இரண்டையும் ஒருங்கே சுமக்கத் தொடங்கியது.

1976ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் தன் முதல் எரிசக்தித் திட்டத்தை வெளியிட்டது. முதலில் செய்த காரியம் எளிதில் செய்யத்தக்கது: மின் நிலையங்களை எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு மாற்றியது. கொதிகலங்களைத் திருத்தினார்கள், நிலக்கரிக் கப்பல்கள் வந்து சேரத் துறைகளைச் செப்பனிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. எண்ணெய்ச் செலவு குறைந்தது மெய். ஆனால் நிலக்கரியும் இறக்குமதிப் பொருளே. அதன் புகையோ எண்ணெயின் புகையினும் கொடியது. 1990களில் அந்நாடு நிலக்கரியையும் விட்டு விலக முற்பட்டு, மின் நிலையங்களை இயற்கை வாயுவுக்கும் மரக்கழிவுக்கும் வைக்கோலுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. அதாவது, ஒரே விலகலுக்கு இரு முறை பணம் கொடுத்தது. அவசரத்தில் எடுத்த மாற்று வழி மலிவாகத் தோன்றினாலும், அது இறுதி வழியாக இல்லாவிடில் அதன் விலையை இரட்டித்தே கணக்கிட வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் முதற் பாடம்.

அணுசக்தியைப் பற்றியும் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. மக்களிடையே எதிர்ப்பு வலுத்தது. 1985இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அணு மின் நிலையங்கள் தன் திட்டத்தில் இடம்பெறா என்று முடிவு செய்தது. ஆகவே எஞ்சிய வழிகள் மூன்று: வெப்பத்தை வீணாக்காமை, வடகடலில் கிடைக்கும் வாயு, காற்று.

வெப்பத்தை வீணாக்காமை என்பதைச் சற்று விளக்க வேண்டும். எரிபொருளை எரித்து நீராவியாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையத்தில், எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெப்பமாகவே வெளியேறிக் கடலிலும் காற்றிலும் கலந்துவிடுகிறது. குளிர் நாட்டில் இது பெருங்கொடுமை. நிலையத்தில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு, வீட்டில் வெப்பத்துக்காக எண்ணெய் எரிக்கிறார்கள்! அந்த வெப்பத்தால் நீரைச் சூடாக்கி, மண்ணுக்கடியில் குழாய் பதித்து வீடுகளுக்கு அனுப்பினால் இரட்டைப் பயன் கிடைக்கும். கோபன்ஹேகனை அடுத்த ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் 1903இலேயே குப்பையை எரித்த வெப்பம் இவ்வாறு பயன்பட்டது. 1979இல் நிறைவேறிய வெப்ப வழங்கல் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லையை ஆராய்ந்து, இப்பகுதிக்கு வெந்நீர்க் குழாய், இப்பகுதிக்கு வாயுக் குழாய் என்று வரையறுக்க வேண்டும் என்றது. இன்று அந்நாட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பொதுக் குழாயிலிருந்தே வெப்பம் கிடைக்கிறது.

இதன் செலவு எத்தகையது என்று பாருங்கள். தெருவெல்லாம் தோண்ட வேண்டும். குழாய்கள் பல பத்தாண்டுகள் உழைப்பவை. ஆதலால் கடனும் பல ஆண்டுக் கடன். அக்கடன் அடைபட வேண்டுமாயின் தெருவில் உள்ள எல்லா வீடுகளும் இணைய வேண்டும். பாதி வீடுகள் மட்டும் இணைந்தால், அந்தப் பாதி வீட்டார் முழுக் குழாயின் கடனையும் சுமப்பர். எனவே நகராட்சிகளுக்கு, வீட்டாரை இணையுமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் அளிக்கப்பட்டது. நேற்றுத்தான் புதிய எண்ணெய்க் கொதிகலம் வாங்கிய வீட்டுக்காரருக்கு இது கசப்பான செய்தி. அவருடைய கொதிகலம் பழுதாகவில்லை, ஆனால் பயனற்றதாகிவிட்டது. பொருளாதார நூலார் இதைக் காலத்துக்கு முன் கழித்த சொத்து என்பர். வீட்டுக்காரர் அதை நஷ்டம் என்றே சொல்வார். அவர் சொல்வதும் சரியே.

இந்தக் கசப்பை ஆற்ற டேனியர் இரு காரியங்கள் செய்தனர். மாறுவதற்கு ஆண்டுகள் சில அவகாசம் கொடுத்தனர். வெப்பம் வழங்கும் நிலையங்கள் இலாபம் எடுக்கக் கூடாது, அடக்க விலையே வாங்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். அவற்றுள் பலவும் நகராட்சியின் உடைமை, அல்லது வெப்பம் வாங்குவோரே உறுப்பினராக உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் உடைமை. கட்டாயத்தின் பேரில் வாங்குவோரிடம் இலாபம் எடுப்பது அறமன்று என்ற எண்ணம் இச்சட்டத்தின் அடியில் இருக்கிறது. கட்டாயத்தை மக்கள் பொறுத்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாயுவின் கதை வேறு விதமானது. வடகடலில் டென்மார்க்கின் பகுதியில் 1972 முதல் எண்ணெய் எடுக்கப்பட்டது, வாயுவும் இருந்தது. 1979இல் நாடெங்கும் வாயுக் குழாய் அமைக்க முடிவு செய்தார்கள். 1984இல் வாயு வரத் தொடங்கியது. எண்ணெய் விலை இனி ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையின் மேல் இத்திட்டம் நின்றது. ஆனால் 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது! எண்ணெயே மலிவாகக் கிடைக்கும்போது வாயுவுக்கு நல்ல விலை யார் கொடுப்பார்? குழாய் போட்ட வட்டார நிறுவனங்கள் கடனில் மூழ்கின. எண்ணெய் விலை ஏறும்போது அதைவிட்டு விலகுவது எளிது. விலை இறங்கும்போது விலகியே நிற்பதுதான் கடினம். விலகும் நாட்டுக்குப் பெருஞ்சோதனை எண்ணெய்ப் பஞ்சமன்று, எண்ணெய் மலிவே.

அச்சோதனையில் அந்நாட்டு அரசாங்கம் எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. 1977 முதலே எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் வரி இருந்தது. 1982இல் நிலக்கரிக்கும் வரி வந்தது. 1986இல் உலக விலை வீழ்ந்தபோது அரசாங்கம் வரியை உயர்த்தி, அந்த வீழ்ச்சி மக்கள் கைக்கு வராமல் தடுத்தது. உலகம் முழுவதும் மலிவு விலையைக் கொண்டாடிக்கொண்டிருக்க, டேனியர் மட்டும் பழைய விலையையே கொடுத்தனர். இது கடினமான செயல். ஆனால் அவ்வாறு செய்யாதிருப்பின், பத்தாண்டுகளாகச் சுவருக்குக் காப்புப் போட்டவரும், குழாயில் இணைந்தவரும், காற்றாலைக்குப் பங்கு வாங்கியவரும் ஏமாந்தவராகியிருப்பர். அடுத்த முறை அரசாங்கம் சொல்வதை எவர் நம்புவார்? மேலும், முன்பு அயல்நாட்டுக்குச் சென்ற பணம் இப்போது உள்நாட்டுக் கருவூலத்துக்கு வந்தது. வாங்குவோருக்கு விலை ஒன்றே. அப்பணம் போய்ச் சேருமிடம் வேறு.

ஆயினும் இவ்வரியின் பாரம் எல்லார் மேலும் சமமாக விழவில்லை. தொழில் நிறுவனங்கள் தாங்கள் கட்டிய எரிசக்தி வரியைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றன. இல்லையேல் வெளிநாட்டுச் சந்தையில் போட்டியிட முடியாது என்பது அவற்றின் வாதம். ஆகவே சுமை வீடுகளின் மேல் விழுந்தது. வீடுகளிலும், வருமானத்தில் பெரும்பங்கை வெப்பத்துக்குச் செலவிடுவோர் ஏழைகளும் முதியோருமே. செல்வர் வீட்டில் அறைகள் மிகுதி; எனினும் அவர் வருமானத்தோடு ஒப்பிட்டால் அவர் கட்டும் வரி சிறிது. 1992இல் கரியமில வாயுவுக்கும் வரி விதித்த முன்னோடி நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்று. அடுத்த ஆண்டு அது தொழில்களுக்கும் விரிந்தது, ஆனால் சலுகைகளுடன். 2010இல்தான், எரிசக்தி வரி உயர்வுக்கு ஈடாகக் குறைந்த வருமானத்தார்க்குப் பணம் திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்று வந்தது. முதல் வரிக்கும் இந்த ஈட்டுக்கும் இடையே 33 ஆண்டுகள்! விலகுவதன் செலவு எவ்வளவு என்று கேட்பவர், அதை யார் கொடுத்தார் என்றும் உடன் கேட்க வேண்டும்.

இனிக் காற்றாலைக்கு வருவோம். டென்மார்க்கில் காற்றுக்குக் குறைவில்லை. யோஹான்னெஸ் யூல் என்ற பொறியியலாளர் 1957இல் கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். அது பத்தாண்டுகள் ஓடியது. எண்ணெய் மலிவாக இருந்ததால் 1967இல் நிறுத்தப்பட்டது. 1973க்குப் பின் அந்த அனுபவமே முதலாயிற்று. கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் போன்ற கைவினைஞர்கள் சிறு காற்றாலைகள் செய்து மின்கம்பியில் இணைத்தனர். 1979இல் அரசாங்கம் காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 சதவீதம் மானியம் அளித்தது; ஆலைகள் மலிவாக மலிவாக அதைக் குறைத்து, 1989இல் நிறுத்தியது. ஊரார் பலர் கூடிப் பங்கு போட்டு ஓர் ஆலை வாங்கும் வழக்கம் பரவியது. தன் பங்கும் சுழல்கிறது என்று தெரிந்தவருக்கு அதன் ஓசை அவ்வளவு தொல்லையாகக் கேட்பதில்லை போலும்!

இத்தொழிலிலும் இழப்பு இல்லாமலில்லை. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வரிச் சலுகை இருந்ததால் ஆயிரக்கணக்கான டேனிஷ் காற்றாலைகள் அங்கே சென்றன. 1985இன் இறுதியோடு சலுகை நின்றது. டென்மார்க்கில் காற்றாலை செய்த நிறுவனங்கள் பல அடுத்த ஓராண்டுக்குள் நொடித்தன. பிறகு தொழில் மீண்டது. 1991இல் விண்டெபி என்னுமிடத்தில் கடலுக்குள் 11 காற்றாலைகளை நிறுவினார்கள். கடலில் அமைந்த முதல் காற்றாலைத் தொகுதி உலகில் அதுவே. அவை அனைத்தும் சேர்ந்து 5 மெகாவாட் அளவே. 2017இல் அவற்றைக் கழற்றியபோது, கடலில் நிறுவும் ஒரே ஆலை அவை அனைத்தையும் விஞ்சும் வலிமை பெற்றிருந்தது. அந்தக் கல்விக்குக் கட்டணம் கொடுத்தவர் யார்? மின்சாரம் வாங்கும் டேனியரே. காற்றாலை மின்சாரத்துக்கு உறுதியளித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மின்கட்டணச் சீட்டில் தனி வரியாகக் கட்டினர். அவர்களுடைய வீட்டு மின்கட்டணம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. 2016இல்தான் இத்தனி வரியைப் படிப்படியாக நீக்கி, செலவைப் பொது வரவு செலவுத் திட்டத்துக்கு மாற்ற முடிவு செய்தனர்.

இத்தனை செலவுக்கும் கண்ட பயன் யாது? 1997ஆம் ஆண்டு டென்மார்க் தன் எரிசக்தித் தேவைக்குத் தானே போதுமான நாடாயிற்று. இதை முழுவதும் காற்றின் வெற்றி என்று கூறுவது நேர்மையாகாது; வடகடலின் எண்ணெயும் வாயுவும் அதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் 1980 முதல் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ இரு மடங்காக வளர்ந்தும் எரிசக்தி நுகர்வு கூடவில்லை என்பது சிக்கனத்தின் வெற்றியே. இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. காற்றாலைகளும் குழாய்களும் வெப்பக் கருவிகளும் அந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களாயின. நாடு திவாலாகவில்லை, ஏழை நாடாகவும் ஆகவில்லை.

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. சாலைப் போக்குவரத்து நெடுங்காலம் எண்ணெயையே நம்பியிருந்தது. டென்மார்க்கில் புதிய மோட்டார் வண்டிக்குப் பதிவு வரி மிக அதிகம்; அரசாங்கத்துக்கு அது பெரிய வருவாய். மின்வண்டிகளுக்கு அவ்வரி விலக்கப்பட்டிருந்தது. 2016 முதல் அவற்றுக்கும் படிப்படியாக வரி விதிக்கத் தொடங்கியவுடன் அவற்றின் விற்பனை சடுதியில் வீழ்ந்தது. பின்னர்ச் சலுகை திரும்பவும் தரப்பட்டது. 2024இல் விற்ற புதிய வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை மின்வண்டிகள். இப்போது கருவூலம் மற்றொரு கேள்வியை எதிர்கொள்கிறது. பெட்ரோல் விற்பனை குறைந்தால் பெட்ரோல் வரியும் குறையும். ஆனால் சாலை போட வேண்டிய செலவு குறையாது. எண்ணெய் வரியால் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் எந்த அரசாங்கமும், எண்ணெயை விட்டு விலகும்போது அந்த வருவாய்க்கு மாற்றுத் தேட வேண்டும்.

2020 டிசம்பரில் டேனிஷ் பாராளுமன்றம் வடகடலில் புதிய எண்ணெய் உரிமங்கள் வழங்குவதில்லை என்றும், 2050க்குள் உற்பத்தியையே நிறுத்துவது என்றும் முடிவு செய்தது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணெய் எடுப்பதில் முதலிடம் டென்மார்க்குக்கே. இம்முடிவால் 1300 கோடி குரோன் இழப்பு என்று அரசாங்கம் மதிப்பிட்டது. எஸ்பியர் துறைமுகம் வடகடல் எண்ணெய்த் தொழிலால் வாழ்ந்த ஊர். இன்று அதே துறையிலிருந்து காற்றாலையின் தூண்களும் இறக்கைகளும் கடலுக்குச் செல்கின்றன. கப்பலோட்டியும் பற்றவைப்போனும் பழைய தொழிலிலிருந்து புதியதற்கு மாற முடிந்தது, இரண்டும் ஒரே துறையில் அமைந்ததால். எல்லா ஊருக்கும் அந்த நற்பேறு வாய்க்காது.

2022இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபின் ஐரோப்பாவில் வாயு விலை வானளாவ உயர்ந்தது. ஜூன் மாதத்தில் டென்மார்க்குக்கு வந்த ரஷ்ய வாயு நிறுத்தப்பட்டது. முன்னாளில் வெந்நீர்க் குழாய்ப் பகுதி என்று குறிக்கப்பட்ட வீட்டார் ஒருவாறு தப்பினர். வாயுப் பகுதி என்று குறிக்கப்பட்டவர் வருந்தினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வரைபடத்தில் இட்ட கோடு வீட்டின் கட்டணச் சீட்டில் வந்து நின்றது. 2024 டிசம்பரில் வடகடலில் காற்றாலை அமைக்க அரசாங்கம் ஏலம் கோரியபோது ஒருவரும் கேட்கவில்லை. காற்று குறைந்துவிடவில்லை, வட்டியும் இரும்பின் விலையும் உயர்ந்துவிட்டன. எண்ணெய் நிலையத்தில் பெருஞ்செலவு எரிபொருளே. அது ஓடும் நாளில் மட்டும் ஆகிறது. காற்றாலையிலோ ஏறத்தாழ முழுச் செலவும் முதல் நாளிலேயே ஆகிவிடுகிறது. ஆகவே காற்று இலவசமாயினும் கடன் இலவசமன்று. எண்ணெயிலிருந்து விலகுவதன் மெய்யான விலை, பெருமளவுக்கு, வட்டி விகிதமே.

இவ்வுண்மை நமக்கும் உரியது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. டேனியரின் காற்றாலை அனுபவம் நமக்கு அயலானதுமன்று. திருநெல்வேலிச் சீமையின் கயத்தாற்றிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிலும் எழுந்த தொடக்க காலக் காற்றாலைகளுக்கு டென்மார்க்கின் உதவி துணை நின்றது. ஆனால் அங்கே கடன் மலிவு. இங்கே கடன் அரிது. அங்கே வரி கொடுத்தும் குளிர் தாங்கும் வீடு உண்டு. இங்கே சமையல் வாயுவின் விலை சற்று ஏறினால் அடுப்பு மறுபடியும் விறகுக்குத் திரும்பிவிடும். எனவே அவர்களுடைய கணக்கை அப்படியே படியெடுக்க முடியாது. கணக்குப் போடும் முறையைக் கற்கலாம்.

அம்முறை இதுதான். விலகும் செலவை விலகாத செலவோடு வைத்து எடை போடுக. இடைவழியாக எடுக்கும் மாற்று, இறுதிவரை நிற்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்க. எண்ணெய் மலியும் நாளுக்கு முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்க. கட்டாயப்படுத்தும் இடத்தில் இலாபம் எடுக்க விடாதிருக்க. ஏழைக்குத் தரவேண்டிய ஈட்டை வரி விதிக்கும் நாளிலேயே தருக. 33 ஆண்டுகள் கழித்தன்று.

மின்விளக்குப் போட்ட வீட்டுக்காரரிடம் சில ஆண்டுகள் கழித்துச் சென்று கேட்டால், செலவே ஆகவில்லை என்று சொல்லமாட்டார். கடனைப் பற்றிச் சொல்வார். வட்டியைப் பற்றிச் சொல்வார். ஒரு மாதம் கட்டணம் கட்ட முடியாமல் இருட்டில் இருந்ததையும் சொல்வார். ஆயினும் பரணில் இருக்கும் பழைய விளக்கை எடுத்துத் துடைத்து மறுபடியும் ஏற்றவா என்று கேளுங்கள். வேண்டாம் என்றே விடை வரும். டேனியரின் விடையும் அதுவே. செலவை மறைக்காமல் கூறி, அதைப் பங்கிடும் வகையை நேர்மையாக வகுத்துக்கொள்ளும் நாட்டு மக்கள் அதைச் சுமப்பர் என்பதற்கு அவர்களுடைய அரை நூற்றாண்டுக் கணக்கே சான்று.